மலைக்குப் போறீங்களா? ராத்திரி எங்க தூங்கப் போறீங்கன்னு முதல்ல சொல்லுங்க

போன வாரம் ஓபி முடியும் நேரம். ஊசி போடும் அறை வரிசை கூட கரைந்துவிட்டது. ஒரு இளம் ஜோடி உள்ளே வந்தது. கல்யாணம் ஆகி நாலு மாதம். ரெண்டு பேர் முகத்திலும் நோய்க்கான அறிகுறியே இல்லை.

"சார், உடம்புக்கு ஒண்ணும் இல்ல. லடாக் போறோம். என்ன மாத்திரை எடுத்துட்டுப் போகணும்னு எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

எத்தனை நாள் என்று கேட்டேன். "அஞ்சு நாள் சார்."

பையன் அரை மாரத்தான் ஓடுபவர். அந்தப் பொண்ணு கல்லூரிக் காலத்தில் மாவட்ட அளவில் கோகோ ஆடியிருக்கிறார். "நாங்க ரெண்டு பேரும் ஃபிட்டுதான் சார், ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் போயிருக்கோம், ஒண்ணும் ஆகல" என்றார்கள்.

மாத்திரைச் சீட்டை எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் 2017-ல் இதே வரியை நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு வார்த்தை மாறாமல்.

அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கதையில் வரும் நோயாளி என் மனைவி. அவளிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். "உங்க முட்டாள்தனத்தையும் சேர்த்து எழுதுவீங்கன்னா எழுதுங்க" என்பது நிபந்தனை.

நாங்கள் தென்காசிக்காரர்கள். அவள் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சைக்கிளை எடுத்தால் செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவு வரைக்கும் மிதித்துவிட்டுத்தான் திரும்புவாள். நான் வாரம் நாலு நாள் ஓடுவேன். படுத்துக்கொண்டு ஓய்வெடுக்கும் சுற்றுலா எங்களுக்கு ஒத்து வராது. அதனால் ரெண்டாவது கல்யாண நாளுக்கு எங்கே போவது என்று பெரிதாக யோசிக்கவே இல்லை. 2009-ல் வந்த 'த்ரீ இடியட்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்த எல்லாரையும் போல எங்களுக்கும் பாங்காங் ஏரி மேல் ஒரு கண்.

எனக்குக் கிடைத்த லீவு ஆறு நாள். அரசு மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஆறு நாள் என்பதே யாரோ ஒரு நண்பன் தலையில் நம் டியூட்டியைக் கட்டிவிட்டு வாங்குவதுதான். அந்த ஆறில் ஒரு மணி நேரம்கூட வீணாகக்கூடாது என்று திட்டம் போட்டேன். திட்டம் போட்டது நான். இதை அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

டெல்லி கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம். லே சுமார் 3,500 மீட்டர். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். காலை இறங்கி, சாயங்காலமே சாந்தி ஸ்தூபிக்குப் படியேறினோம். கிட்டத்தட்ட 500 படிகள். மூச்சு வாங்கியது. வாங்கினால்தானே உடற்பயிற்சி? மறுநாள் வாடகை புல்லட்டில் கர்துங் லா. மூணாம் நாள் பாங்காங்.

இதில் எங்கே தப்பு என்று புரிவதற்கு, நம் உடம்பு மலையில் என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுமையாகப் படியுங்கள், கஷ்டமில்லை.

மேலே போகப் போக ஆக்சிஜன் சதவீதம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தென்காசியிலும் 21 சதவீதம்தான், லேயிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். லேயில் ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் ஆக்சிஜன் நம்ம ஊரில் போவதில் ஏறக்குறைய மூன்றில் ரெண்டு பங்கு. 5,300 மீட்டர் கணவாய்களில் பாதிதான்.

உடம்பு உடனே என்ன செய்யும்? வேகமாக மூச்சு விடும். நல்லதுதான். ஆனால் வேகமாக மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடும் அதிகமாக வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடும். மூளை அதைப் பார்த்து "போதும், மெதுவா மூச்சு விடு" என்று பிரேக் போடும். ஒரு பக்கம் ஆக்சிஜன் போதவில்லை, இன்னொரு பக்கம் பிரேக். இந்தச் சிக்கலை அவிழ்ப்பது யார் தெரியுமா? நுரையீரல் இல்லை, இதயமும் இல்லை. சிறுநீரகம். கூடுதல் காரத்தைச் சிறுநீரில் மெல்ல மெல்ல வெளியேற்றி, பிரேக்கைத் தளர்த்தும். அதற்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம் சில நாட்கள்.

நீங்கள் பத்து கிலோமீட்டர் ஓடலாம். நூறு தண்டால் எடுக்கலாம். உங்கள் சிறுநீரகத்துக்கு அது தெரியாது. அது எல்லாருக்கும் போல தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

உடற்தகுதி உயர மலை நோயைத் தடுக்காது. இன்னும் சொல்லப்போனால் ஃபிட்டான ஆட்கள்தான் அதிகமாக மாட்டுகிறார்கள். மற்றவர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும் இடத்தில் இவர்கள் மேலே போய்விடுவார்கள்.

ஊட்டி 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,100. இந்த நோய் பொதுவாகத் தலைகாட்டுவதே 2,500 மீட்டருக்கு மேல். ஆகவே "ஊட்டியில ஒண்ணும் ஆகல" என்பது, நீச்சல் தெரியும் என்பதற்கு இடுப்பளவுத் தண்ணீரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது மாதிரி.

சரி, மூணாம் நாள். பாங்காங் போகும் வழியில் சாங் லா என்று ஒரு கணவாய், 5,300 மீட்டருக்கு மேல். அங்கே போட்டோ எடுக்கும்போதே "தலை வலிக்குதுங்க" என்றாள். பாராசிட்டமால் கொடுத்தேன். "உயரம்ல, அப்படித்தான் இருக்கும், சரியாயிரும்" என்றேன்.

கவனியுங்கள். இதே தலைவலியோடு ஒரு நோயாளி என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் குறைந்தது நாலு கேள்வி கேட்டிருப்பேன். மனைவியிடம் ஒன்றுகூட கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் திரும்ப வேண்டியிருக்கும். ஏரியோ இன்னும் ரெண்டு மணி நேரத்தில் இருக்கிறது.

ஏரிக்கரைக் கூடாரத்தில் தங்கினோம். உயரம் 4,200 மீட்டருக்கு மேல். ஏரி அழகா என்று கேட்காதீர்கள். அழகுதான். ராத்திரி அவள் மேகியை ரெண்டு வாய் சாப்பிட்டு வாந்தி எடுத்தாள். படுத்துவிட்டாள். நானும் தூங்கிவிட்டேன்.

ஒரு மணி இருக்கும். கூடார ஜிப் திறக்கும் சத்தம், கொஞ்ச நேரத்தில் தொப்பென்று ஒரு சத்தம். வெளியே ஓடினேன். கூடாரக் கயிற்றின் மேல் விழுந்து கிடந்தாள். "கால் தடுக்கிருச்சு" என்றாள். பேச்சு லேசாக இழுத்தது.

உள்ளே கூட்டி வந்து, டார்ச்சைத் தரையில் அடித்து, கம்பள விளிம்பைக் காட்டி நடக்கச் சொன்னேன். ஒரு காலின் குதிகால், மற்ற காலின் கட்டைவிரலைத் தொட வேண்டும். சின்னப் பிள்ளைகள் அடி அளப்பார்களே, அப்படி.

மூணாவது அடியில் சாய்ந்தாள். பிடித்துக்கொண்டேன். மறுபடி நடக்கச் சொன்னேன். மறுபடி சாய்ந்தாள். எஸ் வளைவில் கை விட்டு சைக்கிள் ஓட்டுகிறவள்.

எம்பிபிஎஸ் படிக்கும்போது இது ரெண்டு மார்க் கேள்வி. உயரத்தில் தலைவலியோடு தள்ளாட்டமும் சேர்ந்தால் மூளையில் நீர் கோக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். சிகிச்சை என்ன? கீழே இறக்கு. உடனே இறக்கு. விடியும் வரை காத்திருக்காதே. நான் அந்தக் கேள்விக்கு ரெண்டுக்கு ரெண்டு வாங்கியவன்.

ஆனால் இறங்குவது எப்படி? நாங்கள் இருந்தது 4,200. லே 3,500. நடுவில் நிற்பது 5,300 மீட்டர் சாங் லா. அந்த ஏரியிலிருந்து லேவுக்கு இறங்க வேண்டுமானால் முதலில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும்! மூணு மாதம் திட்டம் போட்டேனே, விமானம் எத்தனை மணிக்கு, எந்தக் கூடாரத்திலிருந்து சூரிய உதயம் நன்றாகத் தெரியும் என்று எல்லாம் பார்த்தேனே, இந்த ஒரு விஷயம் என் கண்ணில் படவே இல்லை.

போனில் சிக்னல் இல்லை. எங்களிடம் இருந்தது ப்ரீபெய்டு சிம். வெளி மாநில ப்ரீபெய்டு சிம்கள் அங்கே வேலை செய்யாது என்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது.

ஓட்டுநரை எழுப்பினேன். லடாக்கி, ஐம்பது வயசு இருக்கும். நான் ஒரு வாக்கியம்கூட முடிக்கவில்லை, அவள் நிற்பதைப் பார்த்தார், சாவியை எடுத்துவிட்டார். வண்டியில் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தார். மலைக்கு வந்த டாக்டரிடம் இல்லாதது, மலையிலேயே இருக்கும் ஓட்டுநரிடம் இருந்தது.

கணவாய்க்கு முன்னாலேயே டாங்ட்சே என்று ஒரு கிராமம். ஏரியைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வு. அங்கே ஒரு சின்ன அரசு சுகாதார நிலையம். கதவைத் தட்டியதும் தூக்கக் கண்ணோடு ஒருவர் வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட உணர்வை எப்படிச் சொல்வது? அதே பச்சைத் திரை, அதே இரும்புக் கட்டில், அதே பதிவேடு. நம்ம ஆஸ்பத்திரி. ராத்திரி ரெண்டரை மணிக்கு எத்தனை கணவன்மார்கள் என்னை இப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாஸ்க் போட்டு ஆக்சிஜன் திறந்தார். ஸ்டீராய்டு ஊசி போட்டார். அப்புறம் பதிவேட்டைத் திறந்து ஹிந்தியில் ஒரே ஒரு கேள்வி. லேவுக்கு வந்து எத்தனை நாள்? இன்று மூணாவது நாள் என்றேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

டாக்டர் என்று சொன்னேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டார்.

விடியும்போது அவளுக்கு முகம் தெளிந்தது. கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "சன்ரைஸ் போச்சா?" அழுதது நான்தான். வெளிச்சம் வந்த பிறகு, ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றாமலே அவளைச் சாங் லா தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தார் அந்த ஓட்டுநர். கணவாயில் ஒரு நிமிடம்கூட வண்டியை நிறுத்தவில்லை. மீதி நாட்கள் லேயில் ஓர் அறைக்குள் கழிந்தன.

இது முதல் பாகம். ரெண்டாம் பாகத்தில்தான் எங்களுக்குள் உண்மையான சண்டை வந்தது.

ஊருக்கு வந்த பிறகு நான் மலை என்ற வார்த்தையையே எடுக்க விடவில்லை. அடுத்த வருஷம் ஆலப்புழா ஹவுஸ்போட். அவள் படகின் மேல்தளத்தில் ஸ்கிப்பிங் கயிறு போட்டுக் குதித்தாள், படகுக்காரர் வந்து நிறுத்தச் சொல்லும் வரைக்கும். எட்டு மணிக்கு ரெண்டு பேரும் தூங்கிவிட்டோம். அதற்கடுத்து ஒரு கடற்கரை ரிசார்ட். அப்புறம் கொரோனா வந்தது, ரெண்டு வருஷம் எங்கேயும் போகவில்லை. அந்தப் பேச்சு அடங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

2022-ல் ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள்: "தப்பு செஞ்சது நீங்க. வேகமாக் கூட்டிட்டுப் போனது நீங்க. தண்டனை மட்டும் எனக்கா? என் உடம்புக்கு என்ன குறை? இத்தனை வருஷமா என்னை நோயாளி மாதிரியே பாக்குறீங்க."

பதில் இல்லை. உண்மை அதுதான். அவள் உடம்பைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு என் குற்ற உணர்வைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி ஒரு பழைய மருந்துக் கம்பெனி நோட்பேடை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இந்த முறை திட்டம் போட்டது ரெண்டு பேரும். இடத்தின் பெயரை முதலில் எழுதவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம் என்ற வரிசையைத்தான் எழுதினோம்.

ஏன் தூக்கம்? தூங்கும்போது மூச்சு இயல்பாகவே குறைகிறது. மலையில் அது விட்டு விட்டு வரும், சில நொடிகள் நின்றே போகும். ஒரு நாளில் ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகம் இறங்குவது அப்போதுதான். பகலில் ஒரு கணவாயைத் தொட்டுவிட்டு இறங்கி வந்து தூங்குவதும், அந்த உயரத்திலேயே தூங்குவதும் ஒன்றல்ல. 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூணு நாலு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் அதே இடத்தில் இருக்க வேண்டும். மலை மருத்துவத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு இது.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் வேடிக்கையான விஷயங்கள் தெரியும். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர். பாங்காங்கைவிட ஆயிரம் மீட்டர் உயரம். ஆனால் லுக்லாவில் 2,860-ல் இறங்கி, நடந்தே, இடையில் ஓய்வு நாள் எடுத்து, எட்டு ஒன்பது நாளில் ஏறுகிறவருக்கு, மூணாம் நாளே காரில் பாங்காங் போய்ப் படுத்துக்கொள்கிறவரைவிட ஆபத்து குறைவு. உயரத்தைவிட வேகம்தான் ஆளை அடிக்கிறது. காரில் உட்கார்ந்து போவதால் நமக்கு வேகமே தெரிவதில்லை.

எவரெஸ்ட் பக்கம் போக ரெண்டு வாரம் வேண்டும். அவ்வளவு லீவு கேட்டால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அடித்தோம். அவள் கேதார்கந்தா சொன்னாள், டிசம்பர் பனியில். பனிக்காலம் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம், ஒத்துக்கொள்கிறேன். கடைசியில் உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு நின்றது. அதன் வரிசை இப்படி இருந்தது: ரிஷிகேஷ், 400 மீட்டருக்கும் கீழே. ஜோஷிமட், சுமார் 1,900. காங்காரியா, 3,050 வாக்கில். மூணு ராத்திரி அங்கேயே. பள்ளத்தாக்குக்குப் பகலில் போய்விட்டுத் திரும்பிவிட வேண்டும். உள்ளே ராத்திரி தங்க யாருக்கும் அனுமதி இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், எந்த நேரத்திலும் இறங்க வேண்டுமானால் இறங்கிக்கொண்டே போகலாம். நடுவில் எந்தக் கணவாயும் குறுக்கே நிற்காது.

"இதுல எனக்கு வேலை இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. சாலை புல்னாவோடு முடிந்துவிடும். அங்கிருந்து காங்காரியாவுக்குப் பத்து கிலோமீட்டர் ஏற்றம், நடந்துதான்.

ஆகஸ்ட். மழை. கழுதைச் சாணமும் சேறும் கலந்த கல் பாதை. பிளாஸ்டிக் மழைக் கோட்டுக்குள் வேர்வையில் குளித்துக்கொண்டு நான், எனக்கு முந்நூறு அடி முன்னால் அவள். ஆரம்பத்தில் அவளுக்கு முன்னால் போக முயற்சி செய்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். ஒரு டீக்கடையில் உட்கார்ந்து காத்திருந்தாள், நான் போய்ச் சேர்ந்தபோது என் டீ ஆறிப்போயிருந்தது.

பள்ளத்தாக்கை எப்படிச் சொல்வது? குற்றாலத்துச் சாரலை எடுத்து, பனி மலைகளுக்கு நடுவில் சில கிலோமீட்டர் நீளத்துக்கு விரித்து, அதில் இடுப்புயரம் பூக்களை நட்டுவைத்தால் எப்படி இருக்கும்? ஊதாவும் ரோஸும் மஞ்சளும். இளஞ்சிவப்புக் காசித்தும்பை இனம் ஒன்று காடு மாதிரி மண்டிக் கிடக்கிறது. நம்ம வீட்டு வாசல் காசித்தும்பைக்குச் சொந்தம்தான். ஃபிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேய மலையேறி 1931-ல் இறங்கும்போது வழி தவறி வந்து விழுந்த இடம் இது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

உள்ளே ஒரு கல்லறை இருக்கிறது. ஜோன் மார்கரெட் லெக், தாவரங்கள் சேகரிக்க வந்த ஆங்கிலேயப் பெண். 1939-ல் இங்கே பாறையில் வழுக்கி விழுந்து இறந்தார். பின்னால் அவருடைய சகோதரி வந்து கல் வைத்திருக்கிறார். நாங்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டுபோன சப்பாத்தியைச் சாப்பிட்டோம். ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. டாங்ட்சேயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளா என்று பிறகு கேட்டேன். "இல்ல, ஊறுகா எடுத்துட்டு வந்திருக்கலாம்னு நினைச்சேன்" என்றாள்.

மறுநாள் ஹேம்குண்ட் சாகிப். சீக்கியர்களின் புனிதத் தலம், ஏரிக்கரையில், 4,000 மீட்டருக்கு மேல். காங்காரியாவிலிருந்து ஆறு கிலோமீட்டர், செங்குத்து. போய்விட்டு அன்றே இறங்கிவிட வேண்டும், அங்கேயும் தங்க முடியாது. கணக்குப்படி சரி. விடியற்காலை கிளம்பினோம். பாதி தாண்டியதும் நெற்றியில் ஒரு வலி ஆரம்பித்தது.

எனக்கு.

நின்றேன். அன்றைக்குச் சாங் லாவில் அவள் சொன்னதை நான் சொல்ல வேண்டிய முறை. எனக்குச் சொல்ல வரவில்லை. இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான். பிரம்ம கமலம் பூத்திருக்கும் பகுதி அதற்குக் கொஞ்சம் மேலேதான். நான் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று கூட நினைத்தேன், டாக்டராக இருந்தும், எல்லாம் தெரிந்தும். நோயாளிகள் ஏன் அறிகுறியை மறைக்கிறார்கள் என்று ஓபியில் எத்தனை முறை எரிச்சல் பட்டிருப்பேன்.

ரெண்டு நிமிஷம் கழித்துச் சொன்னேன். "தலை வலிக்குது."

அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். "நடந்து காட்டுங்க." பாதையோரக் கல் விளிம்பில் குதிகாலும் விரலும் தொட நடந்து காட்டினேன். சரியாகத்தான் நடந்தேன். லேசான தலைவலிக்கு உடனே இறங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை, மேலே ஏறாமல் இருந்தால் போதும். அதை அவளிடம் விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் பையைத் தோளில் மாட்டிக் கீழே இறங்க ஆரம்பித்துவிட்டாள்.

"நீ மட்டும் போயிட்டு வா" என்றேன்.

"அன்னைக்கு நீங்க என்னை விட்டுட்டுப் போனீங்களா?" என்றாள். அதில் பாராட்டு எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை.

ஹேம்குண்ட் நாங்கள் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் பீப்பல்கோட்டி பக்கம் மண்சரிவு, ஏழு மணி நேரம் சாலையில் கிடந்தோம். மழைக்காலத்தில் அந்தச் சாலைக்குப் போகிறவர்கள் கையில் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொண்டு போங்கள். திரும்பி வந்து சில மாதத்தில், 2023 ஜனவரியில், ஜோஷிமட்டில் வீடுகள் விரிசல் விட்ட செய்தி வந்தது. நாங்கள் தங்கிய விடுதி தெருவை டிவியில் தேடினோம்.

இனி ஓபியில் உட்கார்ந்திருக்கும் ஜோடிக்கு வருவோம். பாவம், அவர்களை ரொம்ப நேரம் காக்க வைத்துவிட்டேன்.

முதலில் அந்தப் பொண்ணிடம் கடைசி மாதவிடாய் தேதி கேட்டேன். சங்கடப்பட்டார். புதுசா கல்யாணமானவர்கள் இவ்வளவு உயரத்துக்குப் போகும் முன் அதைத் தெரிந்துகொள்வது அவசியம், அவ்வளவுதான். அப்புறம் ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, ரத்தசோகை. ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு வரச் சொன்னேன், ஆய்வகம் பக்கத்திலேயே இருக்கிறது.

மாத்திரையும் சொன்னேன். அசிட்டசோலமைடு என்பது சிறுநீரகம் மெதுவாகச் செய்யும் வேலையைக் கொஞ்சம் வேகப்படுத்தும். உதவும். ஆனால் அது அவசரத் திட்டத்துக்கு லைசென்ஸ் இல்லை. சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. விரல் நுனி சுருசுருவென்று இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். பயப்பட வேண்டாம். இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் போய்க் கேட்காதீர்கள், உங்கள் டாக்டரைப் பார்த்து அளவு வாங்குங்கள். முதல் ரெண்டு நாள் மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். கொரோனாவுக்கு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் பீரோவில் கிடக்கும், எடுத்துட்டுப் போங்க. ஆனா அதைவிட நம்பகமானது அந்தக் குதிகால் நடை. நடந்து காட்டினேன், என் ஓபி அறையிலேயே. வாசலில் நின்ற நர்ஸம்மா விநோதமாகப் பார்த்தார்.

"பேசாம வேற இடம் மாத்திருங்களேன்" என்றேன். மலை ஏறத்தான் ஆசை என்றால் நம்ம வனத்துறையே 2024-லிருந்து வழிகாட்டியோடு 40 மலைப் பாதைகளைத் திறந்து வைத்திருக்கிறது. எதிலும் இந்த உயரத் தொல்லை இல்லை. காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள், பார்த்துப் போக வேண்டும்.

"ஃப்ளைட் டிக்கெட் ரீஃபண்ட் வராது சார்" என்றார் பையன்.

அதுவும் நியாயம். சரி, இருக்கும் அஞ்சு நாளை வைத்தே போட்டுப் பார்ப்போம் என்று மருந்துச் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். விமான நிலையத்திலிருந்து லே ஊருக்குள் போகாமல் நேராக மேற்கே ஆல்ச்சிக்குப் போய்விடுங்கள். சிந்து நதிக்கரை, 3,100 மீட்டர் வாக்கில்தான். லேயைவிட 400 மீட்டர் கீழே தூங்கலாம். முதல் நாள் முழு ஓய்வு, படியேறும் வேலை வேண்டாம். அங்கே பல நூற்றாண்டுப் பழமையான சுவரோவியங்கள் உள்ள மடாலயம் இருக்கிறது. ரெண்டாம் நாள் மெதுவாக நடை. மூணாம் நாள் உடம்பு சம்மதித்தால் ஜன்ஸ்கார் ஆற்றில் நிம்மு வரைக்கும் படகுச் சவாரி, உங்க ரெண்டு பேர் துடிப்புக்கும் அதுவே போதும். நாலாம் ராத்திரி லே. பாங்காங், கர்துங் லா ரெண்டையும் அடித்துவிட்டேன்.

அந்தப் பொண்ணு சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பாங்காங் இல்லாம என்ன சார் லடாக்?"

2017-ல் யாராவது என்னிடம் இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் நானும் கசக்கித்தான் போட்டிருப்பேன். அதனால் போனை எடுத்து, யாருக்கும் காட்டாத ஒரு படத்தைக் காட்டினேன். இரும்புக் கட்டில், பச்சைத் திரை, மாஸ்க்குக்குள் என் மனைவியின் முகம். விடிகாலையில் அவளே எடுக்கச் சொன்ன படம். கல்யாண நாள் போட்டோ வேண்டாமா என்றாள் அன்றைக்கு.

பையன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ரெண்டு பேருல யாருக்குத் தலை வலிச்சாலும் முதல்ல சொல்லிரணும், சரியா?" என்று அந்தப் பொண்ணு அவரிடம் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. அடுத்த மாதம் கிளம்புகிறார்கள்.

இதை எழுதி முடித்துவிட்டு மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். முழுசாகப் படித்தாள். ஸ்கிப்பிங் கயிறு விஷயத்தை எடுத்துவிடச் சொன்னாள், எடுக்கவில்லை. அப்புறம், "எல்லாருக்கும் பாங்காங் வேண்டாம்னு எழுதிட்டீங்க. எனக்கு அந்த சன்ரைஸ் இன்னும் பாக்கி இருக்கு" என்றாள்.

அதே நோட்பேடு மறுபடி மேசைக்கு வந்தது. ஸ்ரீநகரில் 1,600 மீட்டர், ரெண்டு ராத்திரி. சாலை வழியாகக் கார்கில், 2,700 வாக்கில், ஒரு ராத்திரி. ஆல்ச்சி ரெண்டு. லே நாலு. ஒன்பது ராத்திரி ஆன பிறகுதான் ஏரி. முழு நிலவு எந்தத் தேதி என்று பார்த்து அவள் வட்டம் போட்டிருக்கிறாள். ஏரிக்கரையில் ஒரே ஒரு ராத்திரி, அதுவும் அன்றைக்கு மதியம் ரெண்டு பேரும் கம்பள விளிம்பில் நேராக நடந்து காட்டினால். போஸ்ட்பெய்டு சிம்முக்கு மாறியாகிவிட்டது.

மொத்தம் பதிமூணு நாள். லீவு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். எனக்குப் பதில் டியூட்டி பார்க்க ஆள் கிடைக்க வேண்டும்.